பதினேழு பாக்கெட் ஜெரால்ட்

மழை வந்தால் நனைகிறவர்கள் உண்டு. குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஓர் ஆசாமியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர் மழைக்குத் தயாராகிறவர். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதே ஐப்பசி மழைக்குத் தயாராகிறவர். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் முகத்தைப் பார்க்கும் முன் உங்கள் தோளில் தொங்கும் பையின் ஜிப்பைப் பார்ப்பார்.

திருவொற்றியூரில் நமக்குக் கிடைத்திருக்கும் உருப்படியின் பெயர் ஜெரால்ட். கண்டெய்னர் யார்டு ஒன்றில் பில் போடுகிற வேலை. ஏசி அறை. வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால்மணி நேரப் பயணம். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் அவர் ஃபீல்டு என்று சொல்வார்.

ஃபீல்டுக்கு நல்ல பையும் மழைக்கோட்டும் வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. அவர் மனைவி டோரதிக்கு வீசிங். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, சுவரில் ஈரம் ஏறினாலும் சரி, அவள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகையில், பாலிதீன் கவரில் வைத்திருந்த இன்ஹேலர் நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் உதடு நீலம் பாய்ந்ததை ஜெரால்ட் இன்னும் மறக்கவில்லை. இனிமேல் அப்படி நடக்கவிடுவதில்லை என்று அன்றே சபதம் எடுத்தார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கேலி இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

பையைத் தேர்ந்தெடுக்க அவருக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. பனிமலையில் முட்டிவரை புதைந்துகொண்டு எவனோ ஒரு வெள்ளைக்காரன் பையின் தையலை விவரிக்கும் வீடியோக்களை, ஆட்டோவில், ஆபீஸில், ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீளும்போது, டோரதி அவரிடம் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். அந்தப் பனிமலைக்காரனுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டோரதியும் கேட்டாள். அவர் அடுத்த வீடியோவுக்குப் போனார். கடைசியில் ராணுவத்துக்குச் செய்கிற மாதிரியில் ஒரு பை வந்து சேர்ந்தது. முதுகில் பட்டை, மார்பில் பட்டை, இடுப்பில் பட்டை, பதினேழு பாக்கெட். நிறம் பாலைவன மணல். திருவொற்றியூரில் பாலைவனம் ஏது? லாரிப் புழுதிக்கு இந்த நிறம்தான் பொருந்தும் என்று ஜெரால்ட் விளக்கம் சொன்னார். அது மறுக்க முடியாத உண்மை.

மழைக்கோட்டுக்குத் தனி ஆராய்ச்சி. வந்த கோட்டு ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு, உள்ளே செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு, குளியலறையில் ஷவருக்கு அடியில் நிற்பார். வெளியே வந்து செய்தித்தாளைத் தடவிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் கோட்டு திரும்பிப் போகும். இப்படிப் பல கோட்டுகள் போய், ஒரே ஒரு கோட்டு நின்றது. செய்தித்தாள் காய்ந்திருந்ததற்காக மட்டுமல்ல. அதன் இடது கையில், முழங்கைக்குக் கீழே, தண்ணீர் புகாத ஜிப் வைத்த சின்னப் பாக்கெட் ஒன்று இருந்தது. அவசரத்துக்குக் கைக்கு எட்டுகிற இடம் என்றால் அது கைதானே? டோரதியின் இன்ஹேலருக்காகவே கடவுள் தைத்துக் கொடுத்த பாக்கெட் என்று ஜெரால்ட் நம்பினார்.

நம்பியதோடு நிறுத்தினாரா? இந்த ரகத்துக்கு நிறுத்துகிற பழக்கம் கிடையாது. தெருவில் யார் வந்தாலும் கையை நீட்டி ஜிப்பைத் திறந்து காட்டுவார். ஆபீஸ் டீக்கடையில் சௌக்கத் அலி என்கிற சிநேகிதர் தினம் ஒரு தடவை அதைப் பார்த்தாக வேண்டும். ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல், இன்னா மாமு, இமயமலைக்கா போற என்று கேட்டுவிட்டார்.

"இது பை இல்ல மாமு, சிஸ்டம்," என்றார் ஜெரால்ட். "நீ அவசரத்துல தேடுவ. நான் தேட மாட்டேன்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி முடிந்ததும் பையைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி அடுக்குவது வழக்கம். போன வாரம் மூன்றாவது பாக்கெட்டில் இருந்த டார்ச் இந்த வாரம் ஒன்பதாவதற்குப் போகும். கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோ, அடியில் இருக்க வேண்டும் என்று இன்னொரு வீடியோ. பாவம், மனுஷன் யார் பேச்சைக் கேட்பார்? வாரா வாரம் எல்லாம் இடம் மாறியது. இன்ஹேலர் மட்டும் கோட்டுக் கையிலேயே இருந்தது. அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு புயல் வந்தது. காலையில் தெரு முழுக்கத் தண்ணீர். கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும், பக்கத்துக் குப்பத்து மீன்காரர் குமாரவேல் தன் ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தார். டோரதியை ஏற்றியாயிற்று. ஜெரால்டுக்காகப் படகு காத்திருந்தது. அவர் உள்ளே பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார். மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை, தலைக்குமேல் கோட்டின் தொப்பி. வெளியே வந்தபோது, அக்கம்பக்கத்து மாடிகளில் நின்றவர்கள் ஒரு நிமிடம் வெள்ளத்தை மறந்து அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்குத்தானே?

ரயில்வே கேட் தாண்டுவதற்குள் டோரதிக்கு இழுப்பு வந்துவிட்டது. ஜெரால்ட் பதறவில்லை. பதறாமல் இருக்கத்தானே பயிற்சி. பையை இறக்கி முதல் பாக்கெட்டைத் திறந்தார். விசில். இரண்டாவது. தீப்பெட்டி. மூன்றாவதில் டார்ச் இல்லை, ஊசி நூல் இருந்தது. அவர் விரல்கள் ஜிப்பின்மேல் வழுக்கின. நீலம் பாய்ந்த உதடு கண்முன் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டாகக் கவிழ்த்தார். குளுக்கோஸ் பாக்கெட், நைலான் கயிறு, திசைகாட்டி. திருவொற்றியூரில் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாதவர் யார்?

டோரதி பேச முடியாமல் அவருடைய இடது கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். ஜெரால்டுக்கு நெஞ்சு உருகிவிட்டது. தேடுவதை விட்டுவிட்டு, அவள் கையின்மேல் தன் வலது கையை வைத்து அழுத்தினார்.

"பயப்படாத டோரதி, நான் கீறேன்ல."

அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கையை இழுத்தாள். வாயருகே கொண்டுபோனாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் எதிரில் அவள் அவர் கையை முத்தமிட்டதில்லை. விடைபெறுகிறாள் என்றே ஜெரால்ட் நினைத்தார். அவருக்கு அழுகை பீறிட்டது. டோரதி ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். தண்ணீர் புகாத ஜிப் அல்லவா, லேசில் வரவில்லை. இரண்டாவது கடியில் திறந்தது. இன்ஹேலரை எடுத்து ஒருமுறை அழுத்தி இழுத்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. குமாரவேல் மோட்டாரை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. திரும்பியதும் டோரதி மெதுவாகச் சொன்னாள்.

"கைலதான் கீதுன்னு ஊருக்கே சொன்ன. உனக்கு மட்டும் சொல்லிக்கலியாய்யா?"

ஜெரால்ட் தலை குனிந்து, படகெல்லாம் சிதறிக் கிடந்த சிஸ்டத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தானே அவளைக் கொன்றிருக்கக்கூடும் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. அன்று பூராவும் நிவாரண முகாமில் பையை மூலையில் போட்டுவிட்டு, டோரதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். திருந்திவிட்டார் என்று நாமும் நம்புவோம்.

வெள்ளம் வடிந்த பின், யார்டில் கொடுத்த பழைய அடையாள அட்டைக் கயிறு ஒன்றைக் கழுவி, இன்ஹேலரைக் கட்டி டோரதி தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். ஜெரால்ட் அந்தக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கொக்கி பிளாஸ்டிக்காக இருக்கிறதே, ஸ்டீலில் கிடைக்குமா பார்க்கிறேன் என்றார். அன்று மாலை, கோட்டு வாங்கிய ஆன்லைன் கடையில் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு மதிப்புரை எழுதினார்: "வெள்ளத்தில் சோதித்தேன். பாக்கெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அவசரத்தில் பல்லாலும் திறக்க முடிகிறது."

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். டோரதி பிழைத்ததில் உங்களுக்குச் சந்தோஷம் என்றும் தெரிகிறது. இப்போது உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறதே, அதையும் கேட்டுவிடுங்கள். அந்தக் கோட்டு எந்தக் கம்பெனி என்பதுதானே?