பெட்டிக்கு யார் கற்பூரம் அணைப்பது?

செங்கமலம் காவலனின் ஈட்டியைத் தள்ளிவிட்டு மண்டபத்துக்குள் பாய்ந்தாள்.

“முத்திரை வைக்காதீங்க சாமி! ஒரு நிமிசம்!”

மேகநாட்டின் மூன்று வழிபாட்டுச் சபைத் தலைவர்களும் தூக்கிய கையோடு நின்றார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் முதல் ஊர்வலப் பாதை வரை எதிலும் ஒத்துப்போகாத மூவர். ‘ஞானப்பெட்டி அறவழியில் நடக்கிறது’ என்ற சான்றிதழுக்காக அரசாணை அவர்களைக் கூட்டியிருந்தது.

ஞானப்பெட்டி, மன்னர் தருவித்த சிந்திக்கும் இயந்திரம். யார் விசுவாசி, யார் கலகக்காரர் என்று அது சொல்லும். அது சொன்னதே தீர்ப்பு என்றது முதல் ஆணை. அதைச் சந்தேகிப்பவரின் பெயரையும் பெட்டியில் போடு என்றது இரண்டாவது. நாடுகடத்தும் படகு ஒருநாளும் காலியாகப் போகக்கூடாது என்றது மூன்றாவது. படகோட்டிகளின் நலன் கருதி.

இன்று உச்சிவேளை முரசுக்குப் படகேற வேண்டியவன் செங்கமலத்தின் கணவன் மாடசாமி. கொட்டாவிக்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதன். கயிற்றால் கட்டப்பட்டு வாசலில் நின்றிருந்தான்.

“பெட்டியின் முடிவில் தலையிட மனிதருக்குத் தகுதியில்லை, அம்மணி,” என்றார் அமைச்சர் வீரவாகு.

“எங்க தெருவுல கோழி காணாமப் போனாக்கூட, திருடுனதப் பார்த்தேன்னு சொல்றவங்க கற்பூரத்தை உள்ளங்கையால அணைச்சு சத்தியம் பண்ணணும். பெட்டி பண்ணுச்சா?”

தலைவர்கள் மூவரில் மூத்தவரான அருளம்பலத்தார் முத்திரையைக் கீழே வைத்தார்.

“எங்க சபையில சத்தியம் இல்லாத சாட்சி செல்லாது.”

“எங்க சபையிலயும்.”

“எங்களுதுலயும்தான்!”

மேகநாட்டு வரலாற்றில் அம்மூவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

“பெட்டிக்குக் கையே கிடையாதே!” அமைச்சர் பதறினார்.

“அப்ப அதுக்காக நீங்க அணைங்க,” என்றாள் செங்கமலம்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. அமைச்சர் தம் கையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தளபதியைப் பார்த்தார்.

“இது வாள் பிடிக்கிற கை,” என்று தளபதி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இருவருமாகச் சேர்ந்து, பெட்டியை இயக்கும் எழுத்தர் பொன்னுரங்கத்தை முன்னே தள்ளினார்கள். அவர் தீக்கு மேல் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் சாமி. நான் பிள்ளகுட்டிக்காரன்.”

பெட்டி துப்பிய சீட்டுக் கட்டைத் தம் மடியிலிருந்து எடுத்தார். மேலே மாடசாமியின் சீட்டு. அருளம்பலத்தார் உரக்க வாசித்தார்.

“‘எனக்குத் தெரியாது. மனிதர்கள் நேரில் விசாரிக்கவும்.’”

“எல்லாருக்கும் இதே பதில்தான் சாமி,” என்றார் பொன்னுரங்கம். “தெரியாதுன்னு வந்தா கலகக்காரர்னு எழுதச் சொன்னது அமைச்சர்தான்.”

“நிர்வாக வசதி,” என்றார் அமைச்சர்.

காவலன் மாடசாமியின் கயிற்றை அவிழ்த்தான். மாடசாமி கொட்டாவி விட்டான். செங்கமலம் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம்தான் அழுதாள்.

வெளியே உச்சிவேளை முரசு.

“படகு காலியாகப் போகக்கூடாது!” அமைச்சர் அலறினார். “ஆணை ஆணைதான்! அடுத்த சீட்டில் யாரோ, அவரை ஏற்றுங்கள்!”

“ஐயா, மத்தவங்க எல்லாம் முன்னாடியே படகேறிட்டாங்க. இன்னும் போகாதது அடிச்சீட்டு ஒண்ணுதான்,” என்றார் பொன்னுரங்கம். “பெட்டி வந்த அன்னிக்கு சோதனைக்குப் போட்ட பேரு.”

“யாராயிருந்தால் என்ன? வாசி!”

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். மன்னரின் பெயரை, பட்டங்கள் ஒன்றுவிடாமல், வாசித்தார்.