பேய்க்குக் கைதட்டிய உங்கள் தங்கை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் ஜன்னல் ஆடும். அவள் காதில் விழாமல் அவளைப் பற்றிப் புகார் சொல்ல வழியே இல்லை. அதனால் நான் வேலை பார்க்கும் சாவிக் கடையில், சாவி வெட்டும் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து நடுங்கினால் அதற்கு மெஷின்தான் பொறுப்பு.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை பேய்ப் படம் பார்த்துக் கைதட்டினாள். உட்கார்ந்து தட்டியிருந்தாலும் போகட்டும், எழுந்து நின்று தட்டினாள். கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிறவள், ஒரு ஆளைப் பேய் காலைப் பிடித்து நிலவறைக்குள் இழுக்கும்போது, "விடாதே! இன்னும் இழு!" என்று கத்தினாள். நாங்கள் எப்போதும் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு எழுந்துவருகிற ஜாதி. நானோ கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்கிறவன். முன்னால் ஒரு சாரி, பக்கத்தில் ஒரு சாரி என்று சொல்லிச் சொல்லியே பேயைச் சரியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. என் சாரி யாருக்குக் கேட்டது? தியேட்டரே கைதட்டிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வயதானவர்களைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடும் வேலை. போன மாதம் அங்கிருக்கும் ஒரு அம்மாளின் மகன் வந்து, "இந்தக் கறுப்புக் கை எங்கம்மா மேல படக் கூடாது" என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். மேலாளரிடம் போனால், "அவர் நல்ல மனுஷராச்சே, உனக்குத்தான் அப்படித் தோணியிருக்கும்" என்று பதில். மறுநாளே அந்த அம்மாளுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அன்றோடு இவள் பேச்சு நின்றது. தண்ணீர் கேட்டால் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள். என் கையில் தரமாட்டாள், மச்சான்.

கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று சிரிப்புப் படத்துக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். பதற்றத்தில் பக்கத்து அரங்கின் பேய்ப் படத்துக்கு எடுத்துத் தொலைத்துவிட்டேன். அந்தப் படத்தில் ஒரு பணக்காரன், வேலைக்காரி கறுப்பாக இருக்கிறாள் என்று அவள் தொட்ட கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போடுகிறான். கடைசியில் அவளை நிலவறையில் பூட்டிச் சாகவிடுகிறான். சும்மா விடுவாளா? பேயாக வந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஒருத்தன் சாகறதுக்கா கைதட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"சாகறதுக்கு இல்லீங்க. அவன் செஞ்சதைத் தியேட்டர்ல எல்லாரும் பாத்தாங்க. உனக்கு அப்படித் தோணியிருக்கும்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல? அந்தப் பேய் யார்கிட்டயும் போய் சாட்சி கேக்கலை, பாத்தீங்களா?"

சொல்லிவிட்டு அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. நானும் அழுதேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம். ஓட்டுநரிடம் சாரி சொன்னேன்.

இப்போது வாரம் ஒரு பேய்ப் படம் வேண்டும் என்கிறாள். எனக்கோ விளக்கில்லாமல் குளியலறைக்குப் போகவே கால் வரவில்லை. அண்ணன் என்ற முறையில் நீங்கள் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். ரொம்பவும் கண்டிக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை என் கையிலேயே கொடுத்தாள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். பேயிடமிருந்து உங்களைக் கடவுள் காப்பாற்றட்டும், மனிதர்களிடம் நீங்களே பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: அறிவுரை எதுவும் எழுத வேண்டாம். கடிதத்தைச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டேன், துவைக்க எடுத்தவள் முழுவதும் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பயந்தேன். "ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள். எங்களுக்கு முன் வரிசையில் ஒருவர் இவளைவிடப் பலமாகக் கைதட்டினாராம். விளக்குப் போட்டதும் இவளைப் பார்த்துச் சிரித்து, "அவனுக்கு நல்லா வேணும், இல்லீங்களா?" என்றாராம். அந்த அம்மாளின் மகன்தான். இல்லத்துச் சீருடை இல்லாததால் இவளை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் நான் ஒரு சாரி சொல்லியிருக்கிறேன். "அவரும்தானே கைதட்டினார்? அப்போ அந்தப் பேய் யாரைத்தாங்க இழுத்துட்டுப் போச்சு?" என்று கேட்கிறாள். மச்சான், உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.