பன்னிரண்டடி ஒழுங்கை

கையெழுத்து அழகாக இருப்பவர்களை எந்தச் சங்கத்துக்கும் செயலாளராகப் போடக்கூடாது. தாங்கள் எழுதியதைத் தாங்களே நம்பத் தொடங்கிவிடுவார்கள். நான் அப்படித்தான் கெட்டேன்.

கலியாணமாகி, கரவெட்டியிலிருந்து இணுவிலில் மாமி வீட்டுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு. உலகத்தில் பிழையாகக் கிடக்கும் எதையும் அடிமட்டத்தாலும் சிவப்புப் பேனையாலும் சரிப்படுத்திவிடலாம் என்று நம்பிய வயது. (அந்த நம்பிக்கை போய்விட்டது. பேனை மட்டும் இருக்கிறது.)

பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கடைசி வீட்டு ஐயாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு தரம் ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். மழை பெய்தால் ஓட்டோக்காரர் உள்ளே வரமாட்டார். மகன்மார் இருவரும் அவரைக் கதிரையில் இருத்தி, ஒழுங்கை வாசல்வரை தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வாசலைத் தாண்டும்போது அந்த மனிதர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுத் தரலாம், செலவில் பாதி சபையுடையது, மற்றப் பாதியைக் காணிக்காரர்கள் பகிர்ந்து கொடுக்கவேண்டும். ஒரு நிபந்தனையும் இருந்தது. நில அளவைப் படத்தில் உள்ளபடி ஒழுங்கை முழுநீளத்துக்கும் பன்னிரண்டடி அகலம் இருக்கவேண்டும்.

வாசிகசாலையில் கூட்டம் போட்டோம். என் கையெழுத்தைக் கண்ட யாரோ என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பாதிச் செலவை எப்படிப் பகிர்வது என்பதில் முதல் கூட்டமே அடிதடிக்கு வந்தது.

"நான் ஒழுங்கை வாயிலை இருக்கிறன். பத்தடி நடந்தால் பெரிய றோட்டு. கடைசி வீட்டுக்காரருக்கு நான் ஏன் றோட்டுப் போட்டுக் குடுக்க வேணும்?" என்றார் மூலை வீட்டுக்காரர்.

"அப்ப நாங்கள் பறந்தோ வாறது?" என்று கேட்டான் கடைசி வீட்டு மூத்த மகன்.

வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்போம் என்றார்கள் சிலர். ஒரு வாசற்படலை அகலத்துக்கு மட்டும் ஒழுங்கையைத் தொடுகிற குடிலும் நாலு பரப்புக் காணியும் ஒரே காசு கொடுப்பது என்ன நியாயம் என்றார்கள் வேறு சிலர். மூன்றாவது கூட்டத்தில் நான் எழும்பினேன். அவரவர் வேலி ஒழுங்கையைத் தொடும் நீளத்துக்கு ஏற்ப அவரவர் பங்கு. கரும்பலகையில் சூத்திரம் எழுதி விளங்கப்படுத்தினேன். அந்தச் சூத்திரத்தின்படி ஒழுங்கையிலேயே கூடிய பங்கு எங்கள் வீட்டுக்குத்தான். அதையும் சொல்லிவிட்டுப் பெருந்தன்மையோடு இருந்தேன். (பெருந்தன்மை என்னுடையது. காசு மாமியுடையது.)

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னை அழித்தது. உடனே இரண்டாவது தீர்மானத்தையும் வாசித்தேன்.

"ஒழுங்கைக்குள் யாருடைய வேலியோ மதிலோ வந்திருந்தால், எந்தக் காரணமும் சொல்லாமல், அவரே தன் செலவில் பின்னுக்கு எடுக்கவேண்டும்."

வாசிக்கும்போதே எல்லோருடைய கண்ணும் சிவஞானம் அண்ணை பக்கம் போனது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அவருடையது. தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், அதிகம் கதைக்காத மனிதர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒழுங்கை திடீரென்று ஒடுங்கும். எங்கள் பக்கம் சீமெந்து மதில். அவர் பக்கம் கிளுவையும் பூவரசும் நட்ட கதியால் வேலி. மதில் நடக்காது. கதியால்தான் நடக்கும், வருசா வருசம் புதுத் தடி நடும்போது ஒவ்வோர் அங்குலமாக வெளியே வரும். இது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரிந்த விசயம். ஆகவே களவு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சிவஞானம் அண்ணை எழும்பிவந்து, கண்ணாடியை மாட்டி, முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து மாமிக்கு அதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"'எந்தக் காரணமும்' எண்ட சொல்லு வேணுமோ பிள்ளை?"

"கட்டாயம் வேணும் மாமி. ஓட்டை விட்டால் ஆக்கள் நுழைஞ்சிடுவினம்."

மாமி மிச்சத் தேங்காயைத் துருவினார். நான் போய் அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

அளக்கிற நாள் சனிக்கிழமை காலை. சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் படத்தோடும் நாடாவோடும் வந்தார். பதினான்கு வீட்டுச் சனமும் ஒழுங்கையில் நின்றது. மாமியும் படலையடிக்கு வந்து நின்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் வந்ததும் நாடாவின் ஒரு நுனியை நானே வாங்கி எங்கள் மதிலில் பிடித்தேன். அவ்வளவு ஆசை. உத்தியோகத்தர் எதிர்ப்பக்கப் பூவரசடியில் மண்ணைக் கிளறி, பழைய எல்லைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் மற்ற நுனியை வைத்தார்.

"ஒன்பதரை" என்றார்.

"இரண்டரை அடி குறையுது!" என்று நான் கத்தினேன். "எல்லாரும் கேட்டியளோ? இரண்டரை அடி! நான் முதலே சொன்னனான். இனி ஒருத்தரும் காரணம் சொல்லக்கூடாது."

கடைசி வீட்டு ஐயாவுக்கும் கேட்கவேண்டும் என்று இரண்டாம் தரமும் சொன்னேன். வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளை அடக்கிய குரல்.

உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "ரீச்சர், இந்தக் கல்லு அவையின்ரை வேலிக்கு வெளியிலை நிக்குது. அவை அரையடி உள்ளுக்குத்தான் வேலி போட்டிருக்கினம். வெளியிலை வந்திருக்கிறது நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மதில்" என்றார்.

நாடா என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தெரியவில்லை. சனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். படலையடியில் மாமி இல்லை.

சிவஞானம் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "மதில் இருக்கட்டும் தம்பி. இதிலை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிப் போடலாம்தானே?"

"ஏலாது ஐயா. பன்னிரண்டடி இல்லாட்டில் சபையின்ரை பாதி வராது. முழு ஒழுங்கைக்கும் வராது."

"சரி. வெயில் ஏறுது. எல்லாரும் வீட்டை போங்கோ" என்றார் அண்ணை. என்னைப் பார்க்காமலே சொன்னார். அது எனக்காகச் சொன்னது.

அந்த மதில் என் மாமனார் கட்டியது. நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். மேசனுக்குப் பக்கத்தில் நின்று தானே கல் தூக்கிக் கொடுத்துக் கட்டினாராம். அப்படிப்பட்ட மனிதரை அவருடைய மருமகள், அவர் வீட்டு வாசலில் நின்று, பதினான்கு வீட்டுக்கும் கேட்கக் கள்ளன் என்று சொல்லியாயிற்று.

அன்று பின்னேரம் என் கணவர் சேந்தன் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"கணக்கு ரீச்சர்தானே நீர். முதல் எங்கடை வீட்டை ஒருக்கா அளந்து பாத்திருக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதிலை 'மதில்' எண்ட சொல்லை வெட்டிவிடும். 'வேலி' எண்டு மட்டும் இருக்கட்டும். அவகாசம் கேட்கலாம்" என்றார்.

வெட்டமாட்டேன் என்று நான் வீரமாகச் சொல்லவில்லை. பேனையைத் திறந்தேன். அது உண்மை.

குசினி வாசலில் மாமி நின்றார். "எழுதினது எழுதினபடி இருக்கட்டும். உங்கடை கையெழுத்து வடிவு. பழுதாக்காதேங்கோ."

உங்கடை! அதுவரை நான் 'பிள்ளை', 'நீ'. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் ஒருவருக்குத் திடீரென்று மரியாதை கூடினால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். பதினொரு நாள் மாமி என்னை 'நீங்கள்' என்றார். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" "குளிச்சிட்டியளோ?" ஒரு ஏச்சும் இல்லை. பாடசாலை விட்டதும் வீட்டுக்கு வரப் பயந்து, பிள்ளைகளுக்கு இலவசமாக மேலதிக வகுப்பு எடுத்தேன். அந்தத் தவணையில் என் வகுப்பு கணிதத்தில் முதலாவதாக வந்தது.

பன்னிரண்டாம் நாள் மதில் உடைக்க இரண்டு பேர் அலவாங்கோடு வந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். உடைப்பதைப் பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மேல்வரிசைக் கற்கள் லேசாக விழுந்தன. அத்திவாரத்தைக் கிளறும்போது ஒருவர், "என்னம்மா இது?" என்று கூப்பிட்டார். மதிலின் உள்பக்கமாக, மண்ணுக்குக் கீழே, உக்கிக் கறுத்த பெரிய அடிமரம் ஒன்று.

மாமி விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். பள்ளத்துப் பக்கத்தில் குந்திக்கொண்டு அந்த மரக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"கறுத்தக்கொழும்பான் மாமரம்" என்றார். "நான் கலியாணம் செய்து வரேக்கை எங்கடை அம்மா வீட்டிலையிருந்து கொண்டுவந்து வைச்ச கண்டு. மதில் கட்டேக்கை சரியாய் எல்லையிலை நிண்டுது. அவர் அளந்துதான் கயிறு பிடிச்சவர். மரத்தைத் தறிக்க வேணும் எண்டார். நான் விடேல்லை. ரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தன். அவர் பேசாமல் போய்க் கயிற்றை வெளியிலை தள்ளிப் பிடிச்சார்."

அலவாங்குக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிறகு சண்டைக்கை இடம்பெயர்ந்து போட்டு வந்து பாத்தால் மரமில்லை. ஆரோ தறிச்சுக் கொண்டு போயிட்டினம். மதில் மட்டும் நிண்டுது."

"ஏன் மாமி நான் வாசிக்கேக்கை சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? காரணம் சொல்லக்கூடாது எண்டெல்லோ எழுதியிருந்தனி."

பிள்ளை! எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி என்னைத் தேற்றவில்லை. "இன்னுமொண்டு கேள்" என்றார். "மதில் வெளியிலை வந்தாப்பிறகு மாட்டுவண்டில் திரும்ப இடம் காணாமல் போச்சு. அப்ப சிவஞானம் அண்ணைதான், ஒருத்தரும் கேளாமல், தன்ரை வேலியைப் பிடுங்கி அரையடி உள்ளுக்கு நட்டவர். ஒழுங்கையிலை அவரின்ரை வேலியைத்தான் எல்லாரும் கதைச்சவை. நானும் கேட்டுக்கொண்டிருந்தனான். பதினொரு நாளும் எனக்கு உன்னிலை கோவமில்லை. உன்ரை முகத்தைப் பாக்கத்தான் வெக்கமாய்க் கிடந்தது."

அன்று பின்னேரமே எதிர்வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வசனம் வசனமாகத் தயாரித்துக்கொண்டு போனதில் ஒன்றுகூட வரவில்லை. அண்ணை வேலிக்குள் நின்று குழை வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே அண்ணை. கூட்டத்திலையே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"உன்ரை மாமனார் போய்ச் சேர்ந்திட்டார். போன மனிசன்ரை மதிலை நான் பிழை சொல்லுறதோ? என்ரை வேலியைப் பிழை சொன்னால் வேலிக்கு நோகாது." கத்தியைத் துடைத்தார். "அந்த நோயாளியைக் கதிரையிலை தூக்கிறதை நானும்தான் பாக்கிறன். றோட்டு வரட்டும்."

எங்கள் பங்கையும் உடைத்த கூலியையும் கொடுத்தபின் மறுபடி மதில் கட்ட வழியில்லை. அதைக் கேள்விப்பட்டு அண்ணை தன் வேலியிலிருந்தே கிளுவைத் தடிகளை வெட்டி, கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார். "நல்லாய் உள்ளுக்குத் தள்ளி நடு பிள்ளை. கதியால் நடக்குமெண்டு இந்த ஒழுங்கையிலை ஒரு கதை இருக்கு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான்தான் சிரித்தேன், அளந்த நாளுக்குப் பிறகு முதல் தரமாக.

மாரிக்கு முன்பே கொங்கிறீற் போட்டு முடிந்தது. முதல் மழையில் ஓட்டோ கடைசி வீட்டு வாசல்வரை போனது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஐயா உள்ளேயிருந்து தலையை நீட்டி, எங்களுக்குக் கை காட்டினார். அவர் அதற்குப் பிறகு இரண்டு மாரிதான் இருந்தார்.

இது நடந்து ஒன்பது வருசம். இன்றைக்கும் கலியாண வீட்டிலோ கோயிலிலோ புது ஆட்களைக் கண்டால் மாமி என்னை முன்னுக்கு இழுத்து, "இவதான் எங்கடை மதிலை விழுத்தின மருமகள்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். கேட்டவர்கள் திகைப்பார்கள். மாமி முழுக்கதையையும் சொல்லுவார். என் கத்தலை நடித்தும் காட்டுவார். வருசத்துக்கு வருசம் அந்தக் குரல் கூடிக்கொண்டே போகிறது.

போன மாதம் வடிகால் வெட்டுவதற்கென்று சபையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இதற்கும் செலவைப் பகிரவேண்டும். சங்கத்தார் நாலு பேர் படலையடியில் வந்து நின்று, மறுபடியும் என்னைச் செயலாளராக வரச்சொன்னார்கள். நான் இல்லை, மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"கூட்டிக்கொண்டு போங்கோ. வடிவாய் எழுதுவாள். எங்களிட்டை இனி இடிக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை."