வத்தளைச் சிங்கத்துக்காக ஒரு கம்ப்யூட்டர்

பந்து வானத்தில் நின்றுவிட்டது.

மட்டையைச் சுழற்றிய வீரர் சுழற்றிய கோலத்திலேயே சிலையானார். எல்லைக் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் நின்றார். கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே உறைந்துபோனது. கிளறன்ஸின் வாய் மட்டும் உறையவில்லை.

"பந்து உயர்ந்து செல்கிறது நேயர்களே! உயர்ந்து... உயர்ந்து... இன்னும் உயர்ந்து..."

"இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ, சோறு போடுறன்" என்றாள் அவர் மனைவி துஷாந்தினி, குசினிக்குள் இருந்து.

பந்து இறங்கவில்லை. கம்ப்யூட்டர் தண்ணீர் மோட்டர் போல இரைந்து, ஒரு முறை விக்கி, அணைந்தது.

கிளறன்ஸுக்கு நாற்பத்திரண்டு வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் வீடு. இளமையில் வானொலி அறிவிப்பாளராகும் ஆசையில் ஒரு குரல் தேர்வுக்குப் போனார். "பிறகு அறிவிக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதை மறுப்பு என்று கிளறன்ஸ் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேலை கூடிவிட்டது என்றே நினைத்திருந்தார்.

கடைசியில் தன் வானொலியைத் தானே தொடங்கிவிட்டார். கம்ப்யூட்டரில் கிரிக்கெட் விளையாடுவது, அதற்குத் தானே செந்தமிழில் வர்ணனை சொல்வது, இரண்டையும் யூடியூபில் நேரலையாகப் போடுவது. அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்கை அனுப்பினார். ஒருவரும் பெருவிரலைக்கூட உயர்த்தவில்லை.

ஆனாலும் ஒருவர் வந்தார். படம் இல்லை, முகம் இல்லை, 'வத்தளைச் சிங்கம்' என்ற பெயர் மட்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்து நேரலைக்கு முதல் பந்துக்கு முன்பே வந்துவிடுவார். ஒரு சொல்லும் எழுதமாட்டார். ஆனால் கடைசி வரை போகமாட்டார். பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று என்று காட்டும். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் கிளறன்ஸ் "நேயர்களே" என்று பன்மையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசன் நேரம் செலவழிச்சு வாறார். அவருக்கு அந்தரத்தில நிக்கிற பந்தைக் காட்டுறது நியாயமோ?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"எனக்குக் கதவு பூட்டாத ஃபிரிட்ஜைக் காட்டுறது நியாயமோ?"

ஃபிரிட்ஜின் கதவுக்குச் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. தண்ணீர்ப் போத்தல் எடுப்பதென்றால் முதலில் கதிரையை எழுப்ப வேண்டும். இந்த வருட போனஸ் புது ஃபிரிட்ஜுக்கு என்று முடிவாகியிருந்தது. நெடுநேரம் பேரம் பேசி, போனஸில் பாதியைக் கம்ப்யூட்டருக்கு வாங்கிவிட்டார் கிளறன்ஸ்.

"பாதி. அதுக்கு மேல ஒரு சதம் எண்டாலும் தொட்டீங்களோ, அந்த ஃபிரிட்ஜுக்கு முட்டுக்கொடுத்து நீங்கள்தான் நிக்கோணும்."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் நிஸாமின் கம்ப்யூட்டர் கடை. கிளறன்ஸ் சொன்னதை எல்லாம் நிஸாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடி அலுமாரியிலிருந்து செங்கல் அளவில் ஒன்றை எடுத்து, பச்சைக் குழந்தையைத் தருவதுபோல இரு கைகளாலும் தந்தார்.

"கிராபிக்ஸ் கார்ட். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ஒரு டொக்டர் வெச்சிருந்த சாமான். கிழமைக்கு ஒருக்காத்தான் ஓடினது."

"கார் விக்கிற மாதிரிச் சொல்றீங்கள்."

"காரை விட இது நல்லா ஓடும் அண்ணன். பெற்றோலும் தேவயில்ல."

வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தபோது கார்ட் பெட்டியைவிட நீளமாக இருந்தது. கிளறன்ஸ் உள்ளே குறுக்கே நின்ற தகடு ஒன்றைக் குறட்டால் வளைத்தார். தகடு வளைந்தது. கூடவே பெட்டியின் பக்கக் கதவும் வளைந்தது. இனி அது பூட்டாது. வீட்டில் பூட்டாத கதவுகள் இரண்டாயின.

சுவிட்சைப் போட்டார். நீல வெளிச்சம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வாடை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"பவர் சப்ளை தாங்காது அண்ணன்" என்றார் நிஸாம், டெலிபோனில். "அந்தக் கார்டுக்குப் பெருசு ஒண்டு போடணும்."

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே!"

"ஒங்கட மொகத்தில இருந்த சந்தோஷத்தப் பாத்து, சொல்ல மனசு வரல்ல."

பெரிய பவர் சப்ளை வந்தது. பந்து எறிந்தால் விழுந்தது, அடித்தால் பறந்தது, பறந்தால் இறங்கியது. கிளறன்ஸ் துள்ளிக் குதித்தார். கால் மணி நேரம் கழிந்ததும் கம்ப்யூட்டர் கொதித்தது. மேலே தாச்சியை வைத்தால் அப்பம் சுடலாம் என்ற அளவுக்குக் கொதித்து, தானாக அணைந்தது.

அவர் சோரவில்லை. வளைந்த கதவை முற்றாகக் கழற்றிவிட்டு, ஹோலில் நின்ற பெரிய ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் குடலுக்கு நேரே வைத்தார். சூடு இறங்கியது. ஆனால் ஃபேன் வீசிய காற்று முழுவதும் மைக்குக்குள் போனது. அன்றைய வர்ணனை, காலிமுகத்திடலில் புயலுக்குள் நின்று ஒருவர் யாரையோ உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. களைப்பில் நேரலையை நிறுத்த மறந்து படுத்துவிட்டார்.

காலையில் துஷாந்தினி தட்டி எழுப்பினாள். "என்னப்பா, இது இன்னும் ஓடுது!"

திரையில் வெறும் மைதானம். சத்தமாக ஃபேன் இரைச்சல். பார்வையாளர் ஒன்று.

கிளறன்ஸின் கண் கலங்கியது. "பார்த்தீரா? விளையாட்டும் இல்லை, வர்ணனையும் இல்லை. எண்டாலும் சிங்கம் போகேல்லை."

"அந்தாளுக்கு வேற வேலை இல்லையோ?"

"விசுவாசம் எண்டு ஒண்டு இருக்குத் துஷா. உமக்கு அது விளங்காது."

அப்படிப்பட்ட மனிதருக்குப் புயல் சத்தத்தைக் கொடுப்பது பாவம் என்று கிளறன்ஸுக்குத் தோன்றியது. அன்றே நிஸாமிடம் போய்ப் புது மைக் ஒன்றை வாங்கினார். பாதி போனஸ் அதோடு சரி.

"கிசுகிசுத்தாலும் இது பிடிக்கும்" என்றிருந்தார் நிஸாம். பிடித்தது. கிளறன்ஸின் குரலைப் பிடித்தது. ஃபேனை இன்னும் நன்றாகப் பிடித்தது. கீழ்க் கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம், சந்தியில் ஓட்டோக்காரர்களின் சண்டை, பிரஷர் குக்கரின் விசில், எல்லாவற்றையும் பிடித்தது. துஷாந்தினி நுகேகொடையில் இருக்கும் அக்காவோடு டெலிபோனில் கதைத்ததையும் பிடித்தது.

"கொமென்றி சொல்றாராம் அக்கா, கொமென்றி. கேக்கிறதுக்கு ஒரு ஆள். அதுவும் மனிசனோ என்னவோ தெரியேல்லை, சிங்கமாம்."

இது யூடியூபில் தெளிவாகப் போனது. அப்போதும் சிங்கம் அசையவில்லை.

அதன் பிறகு கிளறன்ஸ் போனஸின் மற்றப் பாதியைத் தொட்டார். ஃபிரிட்ஜிடம் கைமாற்று வாங்குவதாகத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சத்தமே போடாத, தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் புதுப் பெட்டி. அதை நிறுவி எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு பகல் தேவைப்பட்டது. சனிக்கிழமை அரை நாள் வேலை. மனேஜர் சாந்தகுமாருக்கு டெலிபோன் எடுத்தார்.

"சேர்... வயித்துக்குச் சரியில்லை சேர்."

"பரவாயில்லை கிளறன்ஸ், ஆறுதலா இரும்" என்றார் சாந்தகுமார்.

முந்தி என்றால் இந்த மனிதர் டெலிபோன் வழியாகவே கடித்திருப்பார். அலுவலகத்தில் அவர் குரல் கேட்டால் அச்சு இயந்திரம்கூடக் கடதாசியை விழுங்கும். அண்மைக் காலமாக யார்மேலும் பாய்வதில்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டுக் கெடுத்துக்கொள்ளவும் ஒருவரும் விரும்பவில்லை.

சனிக்கிழமை முழுவதும் கிளறன்ஸ் உழைத்தார். தெருச் சத்தம் வராமல் மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தினார். எதிரொலி வராமல் சுவர்களை மூட வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தார். துணி நல்லதாம். பின்னேரம், அக்கா வீட்டுப் பிறந்தநாளுக்கு வெளிக்கிட வந்த துஷாந்தினி அலுமாரிக்கு முன்னால் நின்று கத்தினாள்.

"என்ர சாரியெல்லாம் எங்க?"

"சுவரில."

"எந்தச் சாரி?"

"நீர் கட்ட நினைச்சது எதெண்டாலும் சுவரிலதான் இருக்கு."

அவள் நாலு சுவரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அது ஏச்சைவிட மோசம். ஊதா நிறச் சாரியை மட்டும் சுவரிலிருந்து உருவிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஓட்டையில் கிளறன்ஸ் தன் கலியாணக் கோட்டைத் தொங்கவிட்டார்.

இரவு நேரலை தொடங்கியது. இடுப்பில் சாறமும் தோளில் துவாயுமாக, வியர்த்து வழிய, அடைத்த அறைக்குள் அமர்ந்திருந்தார். கம்ப்யூட்டர் மூச்சுக்கூட விடவில்லை. புல்லின் ஒவ்வொரு தாளும் தெரிந்தது. அவருடைய ஒவ்வொரு எழுத்தும் மணி அடித்ததுபோல விழுந்தது. வழக்கம்போலச் சிங்கம் முதல் ஆளாக வந்தது.

"அன்பார்ந்த நேயர்களே, இது கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் கிளறன்ஸ்!"

நாலு ஓவர் போனது. இப்படி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. சொற்கள் தாமாகவே வந்தன. ஐந்தாவது ஓவரில், நடு ஸ்டம்பு பறந்த அந்த மகத்தான கணத்தில், எண்ணிக்கையைப் பார்த்தார்.

பூச்சியம்.

இணையம் போய்விட்டதோ என்று பார்த்தார். போகவில்லை. "நேயர்களே" என்றார். பிறகு "நேயரே" என்றார். பிறகு நிறுத்திவிட்டார்.

என்ன பிழை என்று கண்டுபிடிக்க, பதிவானதைப் போட்டுக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலை ஒரு இரைச்சலும் இல்லாமல் கேட்டார். "பிறகு அறிவிக்கிறோம்" என்று சொன்னவர்கள்மேல் இருந்த வருத்தம் அந்த நிமிடமே பாதியாகக் குறைந்தது.

துஷாந்தினி வந்தபோது அவர் இருட்டில், சாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஏச வந்தவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேக் பொதியைத் திறந்து நீட்டினாள்.

"சிங்கம் போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"ஏதும் அவசரம் வந்திருக்கும் அப்பா. சிங்கத்துக்கும் வீடுவாசல் இருக்கும்தானே."

ஞாயிறும் நேரலை போட்டார். சிங்கம் வந்து, ஒரு ஓவர்கூட நிற்காமல் போய்விட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் கால் வைத்ததுமே தெரிந்தது, பழைய சாந்தகுமார் திரும்பிவிட்டார். காலையிலிருந்தே ஏச்சு. வரவேற்பில் இருக்கும் பெண் அழுதுகொண்டிருந்தாள். பியோன் மாடிப்படியில் ஒளிந்திருந்தார். கிளறன்ஸுக்கு உடனே வரச்சொல்லி அழைப்பு வந்தது.

உள்ளே போனார். சாந்தகுமாரின் கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன.

"வயிறு எப்பிடி?"

"இப்ப சுகம் சேர்."

"சனிக்கிழமை உம்மட வயிறு நல்லாக் கிரிக்கெட் விளையாடினது."

கிளறன்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். வேலை போய்விட்டது, ஃபிரிட்ஜும் போய்விட்டது, இனிக் கதவுக்கு முட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. அப்போதுதான் மூளையில் ஏதோ பற்றியது.

"சேர்... நீங்கள் பார்த்தனீங்களோ?"

"வேற ஆர் பார்க்கிறது? வத்தளையில என்ர வீடு."

பயமெல்லாம் பறந்துபோனது. கிளறன்ஸ் மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "சேர்! நீங்கள்தானா சேர்! இவ்வளவு நாளும் கடைசி வரைக்கும் நிண்டனீங்களே! சனிக்கிழமை ஏன் சேர் நடுவில போனீங்கள்? படம் சரியில்லையோ? குரலில பிழையோ? சொல்லுங்கோ, நான் திருத்திறன்!"

சாந்தகுமார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, யாரிடமும் சொல்லாத வியாதியைச் சொல்பவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர்மார் தந்த குளிசை ஒண்டும் சரிவரேல்லை கிளறன்ஸ், உம்மட அந்த இரைச்சலைக் கேட்டாத்தான் ரெண்டாவது ஓவர் முடியமுன்னம் எனக்கு நித்திரை வரும். சனிக்கிழமை நீர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கிப்போச்சு, ரெண்டு இரவாக் கண் மூடேல்லை. தயவுசெய்து அந்தப் பழையதைத் திரும்பப் போடும்."