காசிராஜனின் வெள்ளப் பட்டாளம்

இனி ஓர் ஓலைகூட ஆற்றோடு போகாது என்று காசிராஜன் சபதம் எடுத்தபோது அவர் வாயில் விசில் இருந்தது. அதனால் சபதம் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

போடியில் ஏலக்காய் வியாபாரி அவர். கொட்டகுடி ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும்கூட. அம்மனின் கதைப்பாட்டு பதினோரு சுவடிக்கட்டாகக் கோயில் மரப்பெட்டியில் இருந்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வெள்ளம் அதில் நாலு கட்டை அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த நாலில் அம்மன் என்ன பேசினாள், யாரை மன்னித்தாள் என்று இனி எவருக்கும் தெரியாது. நம் காவலில் போயிற்றே என்று நினைத்தால் காசிராஜனுக்குச் சோறு இறங்காது. அந்த வருத்தத்தை நாம் கேலி செய்யக் கூடாது. மற்றதைச் செய்யலாம்.

ஊர்ச் சொத்தை வெள்ளத்திலிருந்து காப்பது எப்படி என்று மதுரையில் ஓர் அதிகாரி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். போய்வந்த கையோடு காசிராஜன் பன்னிரண்டு ஆட்களைத் திரட்டினார். வெள்ளிதோறும் ஒத்திகை. ஒரு விசிலுக்குக் கயிறு. இரண்டுக்குப் பெட்டி. மூன்றுக்கு ஓட்டம்.

கோயிலுக்கு எதிர் மேட்டில் அவர் சரக்கு வைக்கும் கிட்டங்கி. அங்கே இருபது பெண்கள் ஏலக்காய் பொறுக்குவார்கள். மேற்பார்வை, அவர் மனைவி செல்லத்தாய்.

"எப்ப விசில் அடிப்பீக?" என்று கேட்டாள் அவள்.

"தண்ணி படித்துறையில மூணாம் படி ஏறுன ஒடனே."

"அதுவரைக்கும்?"

"உசாரா இருப்போம்."

"எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன். நாங்க பகல் பூரா இங்கனதான் இருக்கோம். ஒங்க ஆளுக பாதிப் பேரு மலையில."

"பொம்பளைக பெட்டியத் தொடக் கூடாது. பரம்பரை வழக்கம்."

"நாங்க பொறுக்கிக் கோத்த ஏலக்காய் மாலையத்தான அம்மன் கழுத்துல போடுறீக?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

காசிராஜன் விசிலை ஊதினார். பதில் தெரியாதபோது அவருக்கு அது ரொம்ப வசதி.

ஐப்பசி பிறந்தது. செல்லத்தாய் காய்ந்த ஏலக்காயை ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கினாள். கலகலவென்ற சத்தம் இல்லை.

"நமத்துப்போச்சு. பெருமழை வருதுடி," என்றாள், பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த மொக்கம்மாளிடம்.

அன்றிலிருந்து நாலு நாளாகக் காசிராஜன் இலையில் துவையல் இல்லை.

"அம்மி இருக்கு. குழவி எங்க?"

"பத்திரமான எடத்துல இருக்கு. சாப்பிடுங்க."

ஐந்தாம் நாள் காலை குரங்கணி மலைப் பக்கம் வானம் பொத்துக்கொண்டது. மதியத்துக்குள் ஆறு மூன்றாம் படி ஏறிவிட்டது. காசிராஜன் ஊதினார். பன்னிரண்டு பேரில் வந்தது ஐந்து. மற்றவர்கள் மலையில் காய் எடுக்கப் போயிருந்தார்கள். கிட்டங்கி வாசலில் நின்று பெண்கள் கையை ஆட்டினார்கள். நம்மை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று அவர் இன்னும் பலமாக ஊதினார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் கோயில் வாசலில் இடுப்பளவு தண்ணீர். பெட்டி அவர் தலையில். ஒருமுறை கால் வழுக்கியது. 'ஆத்தா, என்னை வேணும்னா எடுத்துக்க. இந்த ஏழு கட்டை விட்டுடு' என்று வேண்டிக்கொண்டார். மனதார வேண்டினார்.

கிட்டங்கியில் பெட்டியை இறக்கி, இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே சாக்கில் சுற்றிய குழவி.

அவர் சாக்கை உதறிப் பார்த்தார். "ஏழும் போச்சா?"

செல்லத்தாய் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். ஏழு கட்டும் காய்ந்து, ஏலக்காய் மணத்தோடு இருந்தன. காசிராஜன் ஒரு கட்டைக் கண்ணில் ஒத்திக்கொண்டு அழுதார்.

"எப்ப எடுத்த?"

"காய் நமத்த அன்னைக்கே. நீங்க மத்தியானம் கொறட்டை விட்டப்ப சாவிய எடுத்தேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீகளா? ஒத்திகையில பெட்டி லேசா இருந்தாக் கண்டுபிடிச்சிருவீகன்னுதான் குழவிய வச்சேன்."

"தண்ணிக்குள்ள எறங்கும்போதாவது சொல்லியிருக்கலாம்ல? உசுரு போயிருக்குமே!"

"இருபது பேரும் தொண்டை கிழியக் கத்துனோம். விசில் சத்தத்துல ஒங்களுக்கு எங்க கேட்டுச்சு?"

காசிராஜன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

அவள் ஒருமுறை ஊதிப் பார்த்தாள். நனைந்து நின்ற ஐந்து பேரும் விறைத்து நிமிர்ந்தார்கள். ஆறாவதாகக் காசிராஜனும்.

"அந்தக் குழவியத் தூக்கிக்கிட்டு வெரசா வீட்டுக்கு நடங்க," என்றாள் செல்லத்தாய். "துவையல் அரைக்கணும்."