ஒரிஜினல் நானாவின் முழங்கால்

யாரையுமே நம்பாமல் ஒரு மனிதன் எழுபது வயதுவரை சௌக்கியமாக வாழலாம் என்பதற்கு எங்கள் அக்குறணை ஒரிஜினல் நானாவே அத்தாட்சி. வாகன உதிரிப்பாகக் கடைக்காரர்; ஒரிஜினல் சாமான் மட்டுமே விற்பதால் ஒரிஜினல், ஊருக்கே அண்ணன் என்பதால் நானா. கராஜில் வேனை விட்டால், கழற்றி மாற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொரு பாகத்திலும் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்பார்.

அப்பேர்ப்பட்டவரின் வலது முழங்கால் தேய்ந்துபோனது. பள்ளிவாசலில் கதிரையில் இருந்துதான் தொழ முடிந்தது. நெற்றி நிலத்தில் படவில்லையே என்பது அவருக்கு முழங்கால் வலியைவிடப் பெரிய வலி. மூட்டு மாற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் சீறினார்.

"கொம்பெனி சாமானக் கழட்டிட்டு டூப்ளிகேட் போடவா?"

நோயாளியின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முழங்காலில் ஏற்றும் பீ.ஆர்.பி. ஊசி பற்றி நான்தான் சொன்னேன். இணையத்தில் அரைப் பக்கம் படித்திருந்தேன். ஆலோசனை சொல்ல அது தாராளம்.

"என்ட ரத்தமா? அப்ப ஒரிஜினல்!"

கண்டியில் ஒரு கிளினிக். வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமைசாலி.

"தேஞ்சது திரும்ப வளரும் எண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. சிலருக்கு நோவு குறையும், சிலருக்குக் குறையாது."

"வொரண்டி எத்தின மாசம்?"

"வொரண்டி இல்லை ஐயா."

நானா என்னை முறைத்தார், நான்தான் ஊசியைத் தயாரித்தவன் போல.

இரத்தம் எடுத்ததும் மார்க்கர் பேனையை உருவிக் குழாயில் சிவப்புப் புள்ளி வைத்தார். தாதி திகைத்துப்போனாள்.

"நானா, இண்டைக்கி இங்க வேற ஆள்ட ரத்தமே இல்லயாம்" என்றேன்.

"நீங்க சும்மா ஈரிங்கோ. கராஜ்காரனும் இப்பிடித்தான் செல்லுவான்."

குழாய் சுழலும் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டு, "மெசின்ட பெயரிங் போய்ட்டு" என்று தீர்ப்பும் வழங்கினார். சத்தம் போட்டது ஏ.சி.

ஊசி ஏற்றிய சில வாரங்களில் வலி கொஞ்சம் குறைந்தது. அந்தக் 'கொஞ்சம்' அவருக்குப் போதாதா? ஒரு வெள்ளிக்கிழமை கதிரையைத் தள்ளிவிட்டு, வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஸுஜூதுக்கு இறங்கினார். நெற்றி நிலத்தைத் தொட்டது. நாங்கள் எழுந்தோம், அவர் எழவில்லை. மிச்சத்தை இருந்தபடியே தொழுது முடித்தார்.

தொழுகை முடிந்து அவரைத் தூக்கி நிறுத்தியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஊசி வேல செய்யல்லயே நானா?"

"ஆரு சென்ன? எறங்கினேன் தானே!" கண்கள் கலங்கியிருந்தன. "தூக்குற வேல ஒங்கட."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நேரத்தோடு போய் அவருக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிடுகிறேன். அங்கேதான் மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது என்று கேட்பவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.