ஏழரை அங்குலச் சமத்துவம்

பெண்குலத்துக்குச் சமநீதி வழங்குவதென்று நான் தீர்மானித்த நேரத்தில், என் மனைவி ஒரு சட்டைக் காலருக்குக் கான்வாஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தீர்மானத்தை உரக்க அறிவித்தேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை.

"யாருக்கு வழங்கப் போறீங்க?"

"உங்களுக்குத்தான். இங்க இருக்கற எல்லாப் பெண்களுக்கும்."

"ஓ, அது உங்ககிட்டதான் இருந்துச்சா? இத்தனை நாளா எங்கேன்னு தேடிட்டு இருந்தோம்."

வாசகர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிட வேண்டும். காகித ஆலைக் கிடங்கில் மேற்பார்வையாளன். ஆலைக் குடியிருப்பின் கைப்பந்துக் கழகத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளன். முதல் பதவியில் என் பேச்சை மூட்டைகள் மட்டுமே கேட்கும். இரண்டாவதில் மனிதர்களும் கேட்பார்கள். ஆகவே இரண்டாவது பதவியின் மீது எனக்குப் பற்று அதிகம்.

குடியிருப்பில் ஆடுகளம் ஒன்று, வலை ஒன்று. மாலை ஐந்தரை முதல் எட்டு வரை, ஞாயிறு நீங்கலாக ஆறு நாளும் ஆண்கள் ஆடுவோம். பெண்களுக்கு மதியம் இரண்டரை முதல் நான்கு வரை ஒதுக்கியிருந்தோம். அந்த நேரத்தில் மைதானத்து மணலில் அப்பளம் பொரிக்கலாம். இதை நான் அநீதியாகக் கருதியதே இல்லை. வெயில் ஆண், பெண் என்று பேதம் பார்த்தா அடிக்கிறது?

வம்பு விளக்கு வடிவில் வந்தது. ஆலை நிர்வாகம் மைதானத்துக்கு நான்கு பெரிய விளக்குகள் போட்டது. திறந்து வைக்கத் தேசிய மகளிர் கைப்பந்து அணியின் தலைவியை அழைத்தார்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவான பெண். விளக்கைப் போட்டார். கைதட்டல் ஓய்ந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"லைட் ரொம்ப நல்லா இருக்கு. இந்த வெளிச்சத்துல பொண்ணுங்க எந்தெந்த நாள் ஆடறாங்க?"

மேடையில் இருந்த மேலாளர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். கூட்டத்திலிருந்து எனக்கு மிகவும் பழக்கமான குரல் ஒன்று எழுந்தது.

"நாங்க சூரிய வெளிச்சத்துல ஆடறோம் மேடம். மதியம் ரெண்டரைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தலைவி சிரிக்கவில்லை.

"நானும் ரெண்டரை மணி வெயில்லதான் ஆரம்பிச்சேன். என்கூட பதினோரு பேர் ஆரம்பிச்சாங்க. எல்லாருமே என்னைவிட நல்லா ஆடறவங்க. ஒருத்தி மயங்கி விழுந்தா, ஒருத்திக்கு வீட்டுல திட்டு. ஒவ்வொருத்தியா நின்னுட்டாங்க. நான் பிடிவாதக்காரி, அதனால இங்க நிக்கிறேன்."

மேலாளர் உடனே ஒலிபெருக்கியை வாங்கி, ஒரு வாரத்தில் செயலாளர் நியாயமான முடிவெடுப்பார் என்று அறிவித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். விழா முடிந்த பிறகு அந்தத் தலைவியும் என் மனைவியும் விளக்கடியில் இருபது நிமிடம் நின்று பேசினார்கள். என் மனைவி தையல்காரி. அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை அளவு பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் கேட்டது வாரத்தில் மூன்று மாலைகள். கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டுக் கிரேன் ஓட்டுநர் எனக்கு விளக்கினார். அவர் மனைவி ஆலை மருத்துவமனையில் நர்ஸ். பெண்கள் அணியில் முன்வரிசை.

"அண்ணே, நல்லா யோசிங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டுல என்னென்ன வேலை இருக்கும் தெரியுமா?"

"தெரியாதே."

"எனக்கும் தெரியாதுண்ணே. அதான் பயமா இருக்கு."

பயம் எனக்கும் தொற்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முழங்கால் தேய்ந்து ஐந்து வருடமாகிறது. நான் அடிக்கும் பந்தை எதிரணியினர் மரியாதை நிமித்தம் விடுவதுண்டு. ஆனாலும் மாலை ஐந்தரை முதல் எட்டு வரை நான் ஒரு சிற்றரசன். அந்த இரண்டரை மணி நேரத்தை இழப்பதைவிடப் பல்லை இழக்கலாம், பல் கட்டிக்கொள்ளலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வழி கிடைத்தது. என் மேசைமேல் ஆட்ட விதிப் புத்தகம் கிடந்தது. நடுவில் ஒரு நீல நூல். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆண்களுக்கு வலை உயரம் இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று. பெண்களுக்கு இரண்டு மீட்டர் இருபத்து நான்கு. வித்தியாசம் பத்தொன்பது சென்டிமீட்டர். அளவு நாடாவில் பார்த்தேன்: ஏழரை அங்குலம். ஏழரை என்ற எண்ணைக் கண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாறாக, துள்ளிக் குதித்தேன்.

மூன்று மாலைகளைத் தாராளமாகக் கொடுத்துவிடுவது. ஆனால் சமத்துவம் என்றால் முழுச் சமத்துவம்: ஒரே வலை, ஒரே உயரம், ஆண்களுடைய உயரம். இரண்டே வாரத்தில் கை சலித்து, கால் சலித்து, பழைய இரண்டரை மணிக்கே திரும்பிவிடுவார்கள். பழியும் என்மேல் விழாது. சமநீதித் தீர்மானம் பிறந்த கதை இதுதான்.

வியாழக்கிழமை, அறிக்கையின் நகலை அவளிடம் படித்துக் காட்டினேன். கத்தரி நின்றது. நான் எதிர்பார்த்த சண்டை, எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது.

"என்னங்க அநியாயம் இது? அந்த உயரத்துல நாங்க எப்படி அடிக்கிறது?"

"சமத்துவம் கேட்டது யாரு?"

"நேரத்துல கேட்டோம். வலையிலயா கேட்டோம்?"

"சமத்துவத்தை உனக்கு வேண்டிய அளவுக்கு வெட்டித் தர முடியாது. எடுத்தா முழுத் துணி."

"போகட்டும். தயவுசெஞ்சு, மூணு மாசத்துக்கு வலையை யாரும் தொடக்கூடாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க."

நல்ல யோசனையாக இருந்தது. எழுதினேன்.

"ஐயோ, எழுதிட்டீங்களா! சரி, வருஷாந்தர போட்டியில கோப்பை ஜெயிச்சுட்டு வர்ற அணிக்குத்தான் ஆறு நாள் சாயங்காலமும்னு ஒரு கொடுமையை வேற சேர்த்துடாதீங்க. நாங்க எங்க போவோம் கோப்பைக்கு?"

எல்லா ஆலைகளும் கூடும் போட்டியில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக ஆடுவார்கள். எங்கள் பெண்கள் அணி அதில் கலந்துகொண்டதே கிடையாது. நாங்கள் இரண்டு முறை அரையிறுதி கண்டவர்கள். எதிரியே கத்தியைத் தீட்டிக் கையில் கொடுக்கும்போது வேண்டாம் என்பது நாகரிகமல்ல. எழுதினேன். யாருமே வெல்லாவிட்டால் பழைய ஏற்பாடே தொடரும் என்று என் சொந்த அறிவிலும் ஒரு வரி சேர்த்தேன். மேலாளர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார். மறுநாளே கம்பங்களில் வலைக் கொக்கிகளைப் பற்றவைத்து இறுக்கிவிட்டோம்.

முதல் வாரம் எனக்குத் திருவிழாதான். அடித்த பந்தெல்லாம் வலையில். நர்ஸ் எம்பியபோது அவரும் வலையில். ஆனால் அந்த இன்பத்தைத் தொடர்ந்து கண்டுகளிக்க முடியவில்லை.

"திங்கள், புதன், வெள்ளி ஆறு மணிக்குத் துணி போட்டுப் பாக்க ஆளுங்க வருவாங்க. நீங்க இருந்து பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

முதலில் வந்தவர் வங்கிக் காசாளர். கால்சட்டையை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றார்.

"இடுப்பு பிடிக்குதே சார்."

"எந்த இடுப்பு? துணியோடதா, உங்களோடதா?"

"சார், நான் பத்து வருஷமா இங்க தைக்கிறேன். அம்மா இப்படிப் பேசினதே இல்ல."

குண்டூசி குத்தி அளவு குறித்தேன். இரண்டு துணியில், மூன்று என் விரலில், ஒன்று காசாளரில். அவர் போனபின் பாத்திரம், அதன்பின் காய்ந்த துணி, அதன்பின் மடிப்பு. சிற்றரசு மூன்று நாளைக்கு அந்நியர் கையில் போயிற்று.

பெண்கள் நிற்பார்கள் என்று காத்திருந்தேன். கிரேன் ஓட்டுநர்தான் என் ஒற்றர்.

"இன்னிக்கு எத்தனை பேர்?"

"பதினாலுண்ணே."

"போன வாரம்?"

"பன்னெண்டு."

"குறையணுமே?"

"கூடுதேண்ணே. அந்த மேடம் வாராவாரம் போன்ல பேசறாங்களாம். அவங்க பேசின மறுநாள் என் வீட்டம்மா மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறுது. தரையே அதிருது."

பத்தாவது வாரத்தில் என் மனைவி, வீட்டுப் பின்புறக் காலியிடத்தில் துணி காயப்போட இரண்டு கம்பம் நட்டுத் தரச் சொன்னாள். நட்டேன். கொடி கட்டும்போது அளவு நாடாவை நீட்டி, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் என்றாள்.

"இவ்வளவு உயரம் எதுக்கும்மா?"

"போர்வை தரையில படுதுங்க."

நியாயமாகப் பட்டது. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் நான் ஆடுகளத்தில் இருந்தபோது, அந்தக் கொடியில் போர்வை காய்ந்ததா, வேறெதுவும் தொங்கியதா என்று நான் பார்க்கவில்லை.

போட்டி வந்தது. ஆண்கள் அணி முதல் சுற்றிலேயே திரும்பியது. மாலையெல்லாம் வீட்டு வேலை செய்து எங்களுக்கு முதுகு பிடித்திருந்தது. பெண்கள் அணிக்கும் செயலாளர் என்ற முறையில் நான்தான் பொறுப்பாளன். ஆறுதல் சொல்ல நான்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் களத்தில் இறங்கி, இரண்டு மீட்டர் இருபத்து நான்கில் கட்டியிருந்த வலையைப் பார்த்தார்கள். நர்ஸ் வலைக்கு மேலாக எதிரணியைப் பார்த்து நலம் விசாரிப்பவர்போல் புன்னகைத்தார். பிறகு எம்பினார். எதிரணி ஆள் ஒருத்திக்குப் பந்து எங்கே விழுந்ததென்று நடுவர் காட்ட வேண்டியிருந்தது. இறுதி ஆட்டம் நேர் செட்களில் முடிந்தது. என் வாக்கியங்கள் நான்கும் அப்படியே பையில் இருந்தன.

கோப்பை வழங்க வந்தவர் அதே தேசியத் தலைவி. என்னை மேடைக்கு அழைத்துக் கையைக் குலுக்கினார்.

"தாவிப் பழக உயர்ந்த வலையும், விளையாட வெளிச்சமும் கொடுத்த செயலாளர் இவர்தான். எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தர் வேணும்."

இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நிலையில் உண்மையைச் சொல்லும் துணிவு எந்த ஆண்மகனுக்கு உண்டு? வணங்கினேன். மறுநாள் செய்தித்தாளில் என் படம்.

அந்தப் படத்தை வெட்டி வைக்கத்தான் கத்தரி தேடினேன். அவள் மேசை இழுப்பறையில், துணி மாதிரி வரையும் பழுப்புக் காகிதம் ஒன்று மடித்திருந்தது. தேதி, விளக்குத் திறப்பு விழா நடந்த நாள். அவளுடைய ஒழுங்கான கையெழுத்து.

'செவ்வாய்: விதிப் புத்தகம், அவர் மேசையில். வலை உயரம் உள்ள பக்கத்தில் நீல நூல். வியாழன்: வீட்டில் சண்டை, சத்தமாக. எழுத வேண்டாம் என்று இரண்டு சொல்ல வேண்டும். பத்து வாரம் உயர வலை. கடைசி இரண்டு வாரம் சரியான உயரத்தில், செவ்வாய், வியாழன், சனி, வீட்டுப் பின்புறம். கம்பம் நடுவது: இவர்.'

காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நேரா கேட்டிருக்கலாமே?"

"பதினோரு வருஷமா கேட்டோம். கழகப் பதிவேட்டைப் பாருங்க. 'பரிசீலிக்கப்படும்'னு இருபத்திரண்டு இடத்துல உங்க கையெழுத்து இருக்கு."

"நான் வேற மாதிரி முடிவு எடுத்திருந்தா?"

அவள் கண்ணாடியை மூக்கின்மேல் இறக்கி, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். காசாளரைப் பார்ப்பதுபோல.

"பதினெட்டு வருஷமா அளவெடுத்திருக்கேங்க. ஒரு நூல்கூட மாறல."

ஆறு மாலைகளும் பெண்களுக்குப் போயின. விதி நான் எழுதியது, புகழ் ஊரறிந்தது, மாற்ற வழியில்லை. ஆண்கள் மதியம் இரண்டரைக்கு ஆடத் தொடங்கினோம். முதல் நாள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் நானும் கிரேன் ஓட்டுநரும் ஓர் ஈரத் துண்டும். வெயிலின் பாரபட்சமின்மையை அன்றுதான் நேரில் அனுபவித்தேன்.

வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

"இத்தனை வருஷம் செயலாளரா இருந்தவன். சாயங்காலத்துல எனக்குக் களத்துல ஒரு இடம்கூட இல்லையா?"

அவள் முகம் இளகியது.

"அப்படியெல்லாம் விட்டுடுவோமா? நேத்து கூட்டத்துலயே பேசி முடிச்சாச்சு. திங்கக்கிழமை அஞ்சரைக்கு வாங்க. உங்களுக்குன்னு தனியா இடம் ஒதுக்கியிருக்கோம்."

திங்களன்று முழங்காலுக்குப் பட்டை கட்டி, வெள்ளைக் காலணியைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, ஐந்து இருபதுக்கே போய் நின்றேன். விளக்குகள் எரிந்தன. பெண்கள் எம்பிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பின்கோட்டுக்கு அப்பால், கையில் நீளக் கழியோடும் கழியின் நுனியில் ஒரு கூடையோடும் கிரேன் ஓட்டுநர் எனக்கு முன்னதாகவே வந்து நின்றிருந்தார். இன்னொரு கழியை என்னிடம் நீட்டினார்.

"வாங்கண்ணே. பந்து பொறுக்க வேலிப் பக்கம் எனக்கு. சாக்கடைப் பக்கம் செயலாளருக்குன்னு அண்ணி சொல்லிட்டாங்க."